வாசல் வெளிச்சத்தில் பார்க்காத பெட்டி

பட்டுப் புடவை எடுக்கப் போகிற நம் வீட்டுப் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? கடை விளக்கில் அது எப்படித்தான் ஜொலிக்கட்டுமே, வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் பணப்பையைத் திறக்க மாட்டார்கள். கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைத் திருப்பிப் பார்க்கிற ஜாதி நாம். அப்படிப்பட்ட குடும்பம் டெலிவிஷன் பெட்டி வாங்கப் போனால் மட்டும் புத்தியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போகிறது. அட்டைப் பெட்டியின்மேல் அச்சடித்திருக்கும் நாலு எழுத்தை நம்பிப் பன்னிரண்டு மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிறது.

இது அறியாமை அல்ல, சோம்பல் என்பதே என் கட்சி. அந்தச் சோம்பலை வியாபாரிகள் தடவிக்கொடுத்து வளர்க்கிறார்கள் என்பது அதன் மறுபாதி.

"இதெல்லாம் டெக்னிகல் சார், உங்களுக்கு எதுக்கு?" என்று ஒரு பெரிய கடையில் ஓர் இளைஞர் என்னிடம் பரிவோடு சொன்னார். நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் இந்த விஷயத்துக்கு வேண்டிய பௌதிகம், நாலாம் வகுப்பில் நாம் படித்த பெருக்கல் வாய்ப்பாட்டைத் தாண்டாது.

படம் என்பது புள்ளிகள். 'ஃபுல் எச்.டி.' என்றால் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080. பெருக்கினால் 20,73,600 புள்ளி. '4கே' என்று விற்கப்படுவது அதைப்போல் நான்கு மடங்கு: 82,94,400. 'எச்.டி. ரெடி' என்று 32 அங்குலப் பெட்டிகளின் தலையில் எழுதியிருக்கிறதே, அதில் பெரும்பாலும் 1,366-க்கு 768, அதாவது ஃபுல் எச்.டி.யில் ஏறக்குறையப் பாதி. 'எச்.டி.க்குத் தயார்' என்றுதானே போட்டிருக்கிறது! மாப்பிள்ளை கல்யாணத்துக்குத் தயார் என்றால் தாலி கட்டியாகிவிட்டது என்றா பொருள்?

சரி, புள்ளி கூடினால் படம் கூடுமா? இங்கேதான் யாரும் வாயைத் திறப்பதில்லை. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த பிறகு ஜப்பானின் ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியது. பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் கணக்குப் போடவில்லை. பெட்டிக்கு எதிரே உட்காருகிற மனிதனையும் சேர்த்தே போட்டார்கள். படத்தின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால், சாதாரணப் பார்வை உள்ளவனுக்குக் கோடும் புள்ளியும் தனித்தனியாகத் தெரியக்கூடாது. எச்.டி. என்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

இப்போது உங்கள் கூடத்துக்கு வாருங்கள். சுவருக்கும் சோபாவுக்கும் நடுவே பத்தடி என்று வைத்துக்கொள்வோம். 43 அங்குலப் பெட்டியில் படத்தின் உயரம் சுமார் 21 அங்குலம். மூன்று மடங்கு என்றால் ஐந்தேகால் அடி. அந்தத் தூரத்தைத் தாண்டியே நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்! ஃபுல் எச்.டி.யின் புள்ளிகளையே உங்கள் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. அதை நாலு மடங்காக்கினால் என்ன, நாற்பது மடங்காக்கினால் என்ன? 65 அங்குலத்துக்குக்கூட இந்த எல்லை எட்டடியில் முடிந்துவிடுகிறது. 43-க்கு மேல் இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 4கே-தான் என்பது எனக்கும் தெரியும். வாங்குங்கள், பாவமில்லை. அதற்குமேல் 8கே என்று மூன்று கோடியே முப்பது லட்சம் புள்ளியை ஒருவர் கொண்டுவந்து காட்டினால், நாற்காலியை எங்கே போட வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.

32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. மிஞ்சிய பணம் வீட்டில் தங்கியதா? "அதே விலைக்கு இன்னும் பெரிசு வருதே" என்று அங்குலமாக மாறிச் சுவரில் ஏறிக்கொண்டது.

இனி, அந்தச் சுவரில் ஓடுவது என்ன? கடையில் கிளியும் அருவியும் ரோஜாப்பூவும் ஓடுகின்றன. அவை அந்தப் பெட்டிக்கென்றே எடுத்த படங்கள். பெட்டியும் 'கடை முறை' என்கிற கண்கூசும் பிரகாசத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் கேபிளில் சாதாரணச் செய்திச் சானல். அதில் வருவது அதிகம் போனால் 720-க்கு 576. பெருக்கிப் பார்த்தால் 4,14,720 புள்ளி. 4கே பெட்டியின் புள்ளிகளில் சரியாக இருபதில் ஒரு பங்கு! மீதிப் பத்தொன்பது பங்கையும் பெட்டியே ஊகித்து இட்டுக்கட்டுகிறது. கற்பனை செய்து நிரப்புவது என் தொழில். அதற்கு எனக்குக் கிடைக்கிற சன்மானத்தைவிடப் பெரிய தொகையை அந்தப் பெட்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள். எச்.டி. சானல் வேண்டுமென்றால் தனிக் கட்டணம். இணைய வழிப் படம் 4கே-யில் வேண்டுமென்றால் அதற்கேற்ற சந்தாவும், வினாடிக்குப் பதினைந்து மெகாபிட் வேகமும் வேண்டும். இதையெல்லாம் விலைச்சீட்டில் எழுதுகிற கடைக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சொற்களிலும் பித்தலாட்டம் உண்டு. 'எல்.இ.டி. டி.வி.' என்பது பழைய எல்.சி.டி.யேதான், பின்னால் இருக்கும் விளக்கு மட்டும் மாறியிருக்கிறது. அதன் முன்னால் ஒரு 'கியூ'வைச் சேர்த்தாலும் பின்னால் விளக்கு இருக்கத்தான் இருக்கிறது. 'ஓ' சேர்ந்தால் மட்டும் விஷயம் வேறு: அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, தானே அணைகிறது. ஓர் எழுத்து வித்தியாசத்தில் சரக்கே வேறு; படிக்கிறவனுக்கோ எல்லாம் ஒன்றுபோல் ஒலிக்கிறது. 'எச்.டி.ஆர்.' முத்திரையும் அப்படித்தான். மலிவான பெட்டி அந்தச் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும். அதைக் காட்டுகிற பிரகாசமும் கறுப்பும் அதனிடம் இருக்காது.

"அதற்காகக் கடையில் போய்ப் பரீட்சையா நடத்த முடியும்?" என்று கேட்கிற நண்பர்களுக்கு: ஏன் முடியாது? "தம்பி, கிளியை நிறுத்திவிட்டு ஒரு தமிழ்ச் செய்திச் சானலைப் போடுங்கள். பிரகாசத்தை வீட்டு முறைக்கு மாற்றுங்கள்" என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பழக்கமான ஒரு படத்தைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். பத்தடி தள்ளி நில்லுங்கள். டெலிவிஷனுக்கு வாசல் வெளிச்சம் என்பது இதுதான். கடைக்காரர் முகம் சுளித்தால், பக்கத்திலேயே இன்னொரு கடை இருக்கிறது. டெலிவிஷனே மாயை, அதை வாங்காதிருப்பதே ஞானம் என்று உபதேசிக்கும் பெரியவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களில் பலர் சாயங்காலம் ஏழு மணிக்குமேல் தொலைபேசியை எடுப்பதில்லை என்பதை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்.

வாங்கி மாட்டிய பிறகு நடப்பதுதான் எனக்கு உண்மையில் வயிற்றெரிச்சல். சினிமா வினாடிக்கு 24 படமாக எடுக்கப்படுகிறது. பெட்டி அவற்றுக்கு நடுவே தானாகச் சில படங்களைச் செய்து செருகி, எல்லாவற்றையும் வழவழவென்று ஆக்கிவிடுகிறது. எந்தக் காவியமும் மத்தியான சீரியலாகிவிடுகிறது. 2018 டிசம்பரில் ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸும் டைரக்டர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் காமிராமுன் நின்று, "அதை அணைத்துவிடுங்கள்" என்று ஜனங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. மறு வருஷம் 'ஃபிலிம்மேக்கர் மோடு' என்று ஒன்றை அறிவித்தார்கள். வாங்குகிற பெட்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அமைப்புகளில் தேடி அந்த வழவழப்பை நிறுத்துங்கள்.

அதைவிடக் கொடுமை, பழைய தமிழ்ப் படங்களுக்கு நாம் செய்வது. 1973-ல் 'ராஜராஜ சோழன்' வரும்வரை தமிழில் சினிமாஸ்கோப் கிடையாது. 1961-ல் வந்த 'பாசமலர்' ஏறத்தாழ நாலுக்கு மூன்று என்ற கட்டத்தில் எடுத்த படம். பெட்டியோ பதினாறுக்கு ஒன்பது. திரை நிறைய வேண்டுமென்று இழுத்துவிட்டால், முகம் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிப்போகிறது. சாவித்திரியின் கண்ணோரம் ததும்பும் நீரைப் பார்க்கத்தானே எச்.டி. வாங்கினோம்? ஆனால் அந்த முகத்தையே பூரிபோல் உப்ப வைத்துவிட்டு, குடும்பமாக உட்கார்ந்து அழுகிறோம்! சில சானல்காரர்களே இழுத்துத்தான் அனுப்புகிறார்கள். அவர்களைத் தனியாகக் கவனித்துக்கொள்ள வேண்டும். மற்ற இடங்களில் இது நம் கையில்தான் இருக்கிறது. ரிமோட்டிலோ செட்-டாப் பெட்டியிலோ '4:3' என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை வைத்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். "காசு கொடுத்து வாங்கின இடம் வீணாகப் போகிறதே!" என்று வீட்டில் ஒரு குரல் கட்டாயம் எழும். எழட்டும். கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, அந்தப் பட்டை கறுப்பாக இருக்கிறதா, சாம்பல் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் வாங்கியிருப்பது எப்பேர்ப்பட்ட பெட்டி என்று அட்டையில் இருந்த அத்தனை எழுத்துக்களும் சொல்லாததை அது சொல்லிவிடும்.