முதல் மாதச் சம்பளமும் தேயிலைத் தராசும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் தராசுக்கு இருந்த மதிப்பு வேறு எப்பொருளுக்கும் இருந்ததில்லை. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் இம்மலையில் தேயிலை நடத் தொடங்கிய பின், சரிவுகளில் கொழுந்து பறித்த தமிழரின் உழைப்பு கூடை கூடையாக நிறுக்கப்பட்டது. மழையில் நனைந்து பறித்ததா, காய்ச்சலோடு பறித்ததா என்பதையெல்லாம் தராசு அறியாது. முள் நின்ற இடமே அன்றைய உழைப்பின் விலை.

இன்று லெம்பா பெர்த்தாமைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் கொழுந்து வெட்டுவோரில் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். தமிழ்க் குடும்பங்கள் பல காய்கறித் தோட்டங்களுக்கும் லோரித் தொழிலுக்கும் ரிங்லெட், தானா ராத்தா கடைவீதிகளுக்கும் மாறிவிட்டன. ஆயினும் தராசு மட்டும் இச்சமுதாயத்தை விட்டு அகலவில்லை. அது வீட்டுக் கூடத்திற்குள் புகுந்து, பல்கலைக்கழகம் செல்லவிருக்கும் பிள்ளையை நிறுக்கத் தொடங்கியிருக்கிறது. "படித்து முடித்தால் முதல் மாதம் எவ்வளவு கிடைக்கும்?" என்ற ஒரே வினாவால் ஓர் இளைஞனின் நாற்பதாண்டு வாழ்வு தீர்மானிக்கப்படுகிறது.

இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை ஊக்கம் தருவதாக இல்லை. "நான்காண்டு படித்து, கடனும் சுமந்து, இரண்டாயிரம் வெள்ளி வேலைக்கு அலைவதைவிட, எஸ்.பி.எம். முடித்த கையோடு காய்கறி லோரியில் ஏறினால் என்ன? சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போனால் என்ன?" என்று கேட்கின்றனர். இப்படிக் கேட்கும் தந்தையை அறியாதவர் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. அவர் கையில் வைத்திருக்கும் கணக்கு பொய்க்கணக்கன்று.

பேங்க் நெகாரா 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அவர் பக்கமே நிற்கிறது. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், 2010ஆம் ஆண்டில் 1,993 வெள்ளியாக இருந்த பட்டதாரியின் தொடக்க ஊதியம் 2018ஆம் ஆண்டில் 1,983 வெள்ளியாக இருந்தது. டிப்ளோமா பெற்றவரின் ஊதியமோ 1,458 வெள்ளியிலிருந்து 1,376 வெள்ளிக்கு இறங்கியது. எட்டாண்டுகளில் நாடு வளர்ந்தது, கட்டடங்கள் உயர்ந்தன, படித்தவனின் முதல் ஊதியம் மட்டும் நின்ற இடத்திலிருந்து கீழே சரிந்தது. கோலாலம்பூரில் தனியாள் ஒருவர் ஓரளவு மதிப்போடு வாழ மாதம் 2,700 வெள்ளி வேண்டும் என 2016ஆம் ஆண்டு நிலவரத்தைக் கொண்டு அதே வங்கி கணித்திருந்தது. மலையிலிருந்து இறங்கித் தலைநகரில் அறை எடுத்துத் தங்கும் பட்டதாரியின் நெருக்கடி இதிலிருந்து விளங்கும். 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்ச ஊதியம் 1,700 வெள்ளியாக உயர்ந்த பின், பட்டம் பெற்றவனுக்கும் பெறாதவனுக்கும் முதல் மாதத்தில் உள்ள இடைவெளி மேலும் சுருங்கியது போலவே தோன்றுகிறது.

கணக்கு சரி; ஆனால் அதிலிருந்து பெறும் முடிவு தவறு. தேயிலையை அறிந்த மக்களுக்கு இதனை விளக்கத் தேயிலையே போதும். செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவார்கள். வெட்டிய செடி மாதக்கணக்கில் கொழுந்து தராது. பார்ப்பதற்குக் காய்ந்த குச்சியாக நிற்கும். அந்த மாதங்களில் நிறுத்துப் பார்த்து, "இச்செடியால் பயனில்லை" என்று எந்தத் தோட்டக்காரனாவது வேரோடு பிடுங்கியதுண்டா? பட்டதாரியின் முதலிரண்டு ஆண்டுகள் கவாத்துக் காலம். புள்ளிவிவரத் துறையின் ஊதிய ஆய்வுகளை எடுத்துப் பார்த்தால், உயர்கல்வி பெற்றோரின் ஊதியம் இடைநிலைப் பள்ளியோடு நின்றோரின் ஊதியத்தைவிட மிக உயர்ந்திருப்பதைக் காணலாம். முதல் ஆண்டில் தோளோடு தோள் நின்ற இருவர் பதினைந்தாம் ஆண்டில் ஒரே இடத்தில் நிற்பதில்லை. லோரி ஓட்டுவது இழிவான தொழிலன்று. ஆனால் முதுகும் கண்ணும் தளரும் வயதில் அத்தொழிலின் வருவாயும் தளர்ந்துவிடும் என்பதைச் சம்பளச் சீட்டு சொல்வதில்லை.

இனி எதிர்த்தரப்பினரையும் விட்டுவிடலாகாது. பரிசளிப்பு விழா மேடைகளில் ஏறி, "உயர்ந்த பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றுவிடு; கைநிறையச் சம்பளம் உன்னைத் தேடி வரும்" என்று முழங்குவோர் அவர்கள். அவர்கள் கையிலும் இருப்பது அதே தராசுதான். 1949ஆம் ஆண்டில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகம் 2025ஆம் ஆண்டுக்கான கியூ.எஸ். உலகத் தரவரிசையில் 60ஆம் இடத்தைப் பெற்றது, பெருமைக்குரிய செய்தி. ஆனால் தரவரிசை பல்கலைக்கழகத்துக்குரியது. அது பட்டதாரியின் சம்பளச் சீட்டாக மாறுவதில்லை. ஒரே வாயிலில் நுழைந்தவர்கள் வெவ்வேறு வழிகளில் வெளியேறுகின்றனர். சட்டம் படித்தவர் பட்டத்துக்குப் பின்னும் ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெற வேண்டும். மருத்துவம் படித்தால் அரசாங்க வேலை உறுதி என்ற நம்பிக்கையில் எத்தனையோ குடும்பங்கள் நகையை அடகு வைத்தன; 2016ஆம் ஆண்டின் இறுதியில் பயிற்சி மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்படலாயினர். 2021 ஜூலை 26ஆம் நாள் அவர்கள் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து எதிர்ப்புத் தெரிவித்ததை நாடே கண்டது. வேலை பெற்ற பட்டதாரிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தம் கல்விக்குக் குறைந்த வேலையிலேயே இருப்பதாகப் புள்ளிவிவரத் துறை காட்டியுள்ளது. இவற்றை மறைத்து மேடையில் பெருந்தொகை சொல்பவர் மாணவனுக்கு வழிகாட்டவில்லை. ஏமாற்றத்துக்கு விதை போடுகிறார்.

தோட்டத்துப் பிள்ளைக்கு அறிவு குறைவா? இல்லை. குறைவாக இருப்பது வழியைப் பற்றிய செய்தி. நகரத்து மாணவனுக்குத் தந்தையின் நண்பர் பொறியாளர். தாயின் உறவினர் கணக்காய்வாளர். எத்துறைக்கு எவ்வுரிமம் வேண்டும், எந்த நிறுவனத்தில் பயிற்சி பெற்றால் பின்னர் வேலை கிடைக்கும் என்பன அவன் காதில் உணவு வேளையிலேயே விழுகின்றன. லெம்பா பெர்த்தாமில் உள்ள மாணவிக்கு அச்செய்தியைச் சொல்ல எவருமில்லை. பொதுச்சேவைத் துறையின் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் முடிந்த பின்னரே அப்படியொன்று இருப்பது வீட்டுக்குத் தெரிகிறது. பிறகு பி.டி.பி.டி.என். கடனே துணை. இரு மாணவர் ஒரே பட்டம் பெற்றாலும், ஒருவர் வழியறிந்து நடக்கிறார். மற்றவர் தடவித் தடவி நடக்கிறார். பிந்தியவரின் குறைந்த சம்பளத்தைக் காட்டி, "படிப்பால் பயனில்லை" என்பது எவ்வகை நியாயம்?

தோட்டப் பள்ளிகள் தோன்றிய வரலாற்றையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என ஆங்கிலேயர் காலத்துத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல தோட்டங்களில் கங்காணியும் கிராணியுமே ஆசிரியராயினர். பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறும் அளவுக்குப் படிக்க வேண்டியதில்லை என்பதே அவ்வேற்பாட்டின் உட்பொருள். இன்று, "உடனே சம்பளம் தராத படிப்பு எதற்கு?" என்று சமுதாயமே கேட்கும்போது, அன்றைய தோட்ட நிர்வாகத்தின் குரல் தமிழில் ஒலிக்கிறது.

அக்குரலுக்கு மறுமொழி அளித்த முன்னோரும் இருந்தனர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, கூலி வாங்கிய கைகளே வெள்ளி வெள்ளியாக வழங்கின. 1956ஆம் ஆண்டில் இந்திய இயல் துறை அங்கே உருவாயிற்று. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அப்பல்கலைக்கழகத்தின் படியைக்கூட மிதித்ததில்லை. அவர்கள் முதல் மாதச் சம்பளத்தைக் கணக்கிட்டிருந்தால் ஒரு வெள்ளியும் சேர்ந்திருக்காது.

எனினும் பசித்த வீட்டைப் பார்த்து, "பொறுத்திரு" என்று போதிப்பது மட்டும் போதாது. தந்தை நோயுற்றுக் கிடக்கும் வீட்டில், மூத்த பிள்ளை உடனே சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் உண்டு. அவனைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவனுடைய கவாத்துக் காலத்தைச் சமுதாயம் சுமக்க வேண்டும். 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தனின் முயற்சியால் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினர். தோட்டம் வாங்க முடிந்த சமுதாயத்தால், திருவிழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஒரு மாணவியின் தலைநகர் அறை வாடகையை ஓராண்டு கட்ட முடியாதா?

தமிழாசிரியர் செய்ய வேண்டிய பணி இன்னும் தெளிவானது. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் முன்னாள் மாணவர்களின் பதிவேடு ஒன்றைப் பேண வேண்டும். யார் எப்பட்டம் பெற்றார், முதலாண்டில் எங்கிருந்தார், ஐந்தாம் ஆண்டில் எங்கிருக்கிறார், பத்தாம் ஆண்டில் எங்கிருக்கிறார், எங்கே வழி தவறினார் என்பன அதில் இடம்பெறட்டும். அவர்களுள் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை தாப்பா வளைவுப் பாதையில் ஏறி வந்து, தம் வெற்றியை மட்டுமன்றித் தாம் பட்ட அலைச்சலையும் சொல்லட்டும். விண்ணப்ப நாள்கள் பள்ளிச் சுவரில் தமிழில் எழுதப்படட்டும். ஆசிரியர் பயிற்சிக் கழகங்களும் இலக்கணம் கற்பிக்கும் முறையோடு, மாணவனுக்கு வழி சொல்லும் முறையையும் கற்பிக்கட்டும்.

அப்போது, "முதல் மாதம் எவ்வளவு?" என்று கேட்கும் தந்தைக்கு ஆசிரியர் மழுப்பாமல் விடை கூறலாம்: "முதல் மாதம் குறைவுதான், ஐயா. ஆனால் இதே பள்ளியில் படித்தவர்கள் பத்தாம் ஆண்டில் எங்கே நிற்கிறார்கள் என்று இந்தப் பதிவேட்டைப் பாருங்கள்." அப்பதிவேட்டைத் திறந்து காட்டும் ஆசிரியர் இருக்கும் ஊரில் தராசுக்கு வேலை இராது.