ஓ.பி.யில் ஃபாரம் நீட்டும் மாணவர்கள்... அந்தக் கணக்கு எங்கே போகிறது?

சென்னை: அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. வெள்ளை கோட்டு போட்ட பையனோ பொண்ணோ வந்து, "அம்மா, அஞ்சு நிமிஷம். சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டு ஃபாரத்தில் டிக் அடிப்பார்கள். பல நேரம் அது எம்.பி.பி.எஸ். மாணவர்களின் ஆராய்ச்சி.

மாணவர்தானே என்று லேசாக நினைக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்க இன்றைக்கும் போடும் ஹெபாரின் ஊசியின் கதை, 1916ல் அமெரிக்காவில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் செய்த சோதனையில் தொடங்கியதுதான். இன்சுலின் சுரக்கும் செல் கூட்டங்களை 1869ல் முதலில் விவரித்த ஜெர்மன்காரர் லாங்கர்ஹான்சும் அப்போது மாணவரே!

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1979ல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்கள் 2 மாத ஆய்வு செய்து உதவித்தொகை வாங்கினார்கள்.

332 இடங்களில் ஜீரோ!

ஆனால் மொத்தக் கணக்கு சோகம். 2005 முதல் 2014 வரை நாட்டின் 579 மருத்துவ நிறுவனங்களை டெல்லி டாக்டர்கள் அலசினார்கள். 2016ல் முடிவு வெளியானது. 332 நிறுவனங்களில் இருந்து பத்து வருஷத்தில் ஒரு கட்டுரைகூட வரவில்லை. வெறும் 25 நிறுவனங்களே சுமார் 40 சதவீத கட்டுரைகளைக் கொடுத்தன. வேலூர் சி.எம்.சி. அதில் முன்வரிசை.

காரணம் என்ன? மேல்படிப்பு சீட்டு நீட் மார்க்கில்தான் கிடைக்கிறது. நல்ல ஆராய்ச்சி செய்தாலும் அதற்கு ஒரு மார்க்கும் இல்லை. புத்தகத்தை விட்டுவிட்டு யார் ஆராய்ச்சிக்குப் போவார்?

இன்னொரு பக்கம், பேராசிரியர்களுக்குப் பதவி உயர்வு வேண்டும் என்றால் கட்டுரை வேண்டும். வெளிநாடு போக நினைக்கும் மாணவருக்கும் வேண்டும். அமெரிக்க டாக்டர் தேர்வின் முதல் கட்டத்தில் 2022 முதல் மார்க் கிடையாது. பாஸ், ஃபெயில் மட்டும்தான். அதனால் கட்டுரைகளுக்கு மவுசு கூடிவிட்டது.

இந்த அவசரத்தில்தான் போலி இதழ்கள் கல்லா கட்டுகின்றன. பணம் கட்டினால் போதும், நிபுணர்கள் சரிபார்க்காமலே அச்சாகிவிடும். ஃபாரத்தில் தப்பு இருந்தாலும் கேட்க ஆளில்லை.

நமக்கு என்ன?

தப்பான கணக்கை அடுத்த ஆராய்ச்சியாளர் எடுத்துச் சேர்த்தால், மருந்து, டோஸ் என எல்லாவற்றிலும் குழப்பம் வரும். அச்சாகாமல் பீரோவில் தூங்கினாலோ, நீங்கள் கொடுத்த நேரமும் ரத்தமும் வீண்.

2017 தேசிய நெறிமுறைப்படி ஆராய்ச்சியில் சேர்வது உங்கள் விருப்பம். மறுத்தாலும் சிகிச்சை குறையக்கூடாது. அதனால் ஃபாரம் நீட்டினால் விரட்ட வேண்டாம். "இது எதுக்கு தம்பி? நெறிமுறைக் குழு அனுமதி வாங்கியாச்சா? என் பேர் வெளியே வருமா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த மாணவருக்கு தாராளமாக உதவுங்கள்.

கல்லூரிகளும் எத்தனை கட்டுரை என்று எண்ணுவதை விட்டு, ஒன்று செய்தாலும் உருப்படியாகச் செய்யக் கற்றுத்தர வேண்டும். நாளைக்கு நம் நாடி பிடிக்கப் போவது இந்தப் பிள்ளைகள்தான். இன்றைக்குக் கணக்கில் பொய் எழுதப் பழகினால், நாளைக்கு கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவார்கள்?