விபத்துக்கும் பதக்கத்துக்கும் இடையில்

2021 ஓகஸ்ட் 30 ஆம் திகதி டோக்கியோ பராலிம்பிக்கில் நம் நாட்டின் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டியை 67.79 மீற்றர் தூரம் எறிந்து, இலங்கையின் முதலாவது பராலிம்பிக் தங்கத்தை வென்றார். அதே நாளில் வேறொரு பிரிவில் ஈட்டி எறிந்தவர் இந்தியாவின் சுமித் அன்டில். தன் உலக சாதனையை அன்று அவர் தானே மூன்று முறை முறியடித்தார். அன்றைய மூன்றாவது சாதனை எறிதல் 68.55 மீற்றர்.

சுமித்தின் கதையை என் மாணவிகளுக்கு அடிக்கடி சொல்வதுண்டு, பத்திரிகைகள் சொல்லும் விதத்தில் அல்ல. ஹரியானாவின் சோனிபத் பக்கத்துப் பையன் அவர். மல்யுத்த வீரராக வேண்டும் என்பதுதான் கனவு. 2015 இன் தொடக்கத்தில், பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, டியூஷன் முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்புகையில் லொறி மோதியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. பத்திரிகையில் அடுத்த வரியே ‘டோக்கியோவில் தங்கம்’ என்று இருக்கும். நடுவில் ஆறரை வருடங்கள்! மாற்றுத்திறனாளிகளுக்கென்று விளையாட்டு உண்டு என்பதை, தன்னைப் போன்ற ஊர்க்காரர் ஒருவர் மூலம் அவர் அறிந்துகொண்டதே 2017 அளவில்தான். அதற்கு முந்திய இரண்டு வருடங்களும் அவர் சாதனையாளர் அல்ல, ஒரு காலை இழந்த மாணவன்.

பாடசாலைக்கு வேலை இருப்பது அந்த இரண்டு வருடங்களில்தான் என்பது என் கருத்து.

நம் பிள்ளைகளுக்கு இன்னும் கிட்டிய உதாரணம் ஈரானின் ஸஹ்ரா நெமாத்தி. டைக்வாண்டோவில் கறுப்புப் பட்டி பெற்றவர். 18 வயதில் வாகன விபத்தில் முள்ளந்தண்டு காயப்பட்டு இரு கால்களும் செயலிழந்தன. 2006 இல் வில்லைக் கையில் எடுத்தார். 2012 லண்டன் பராலிம்பிக்கில் தங்கம். ஒலிம்பிக், பராலிம்பிக் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் தங்கம் வென்ற முதல் ஈரானியப் பெண் அவரே. 2016 ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தன் நாட்டுக் கொடியை ஏந்திச் சென்றார். தலையை மூடிக்கொண்டுதான் அம்பெய்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனாலும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரமான பிள்ளையிடம் போய், ‘நீயும் ஸஹ்ரா ஆகலாம்’ என்று சொல்வதை நான் விரும்புவதில்லை. அவள் முதலில் இரண்டாம் பாடவேளை வரை வலியில்லாமல் உட்கார வேண்டும்.

உடற்கல்வி ஆசிரியையாக நான் பார்த்த பாடசாலைகள் எல்லாம் வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ளவை. வளவு முழுக்க மணல். ஊன்றுகோலின் நுனி புதையும். சக்கர நாற்காலியின் முன்சில்லு நாலு முழம் போகுமுன் இறுகிவிடும். மாரியில் அதன் மேல் தண்ணீரும் நிற்கும். சாதாரண தர வகுப்போ பல இடங்களில் மேல்மாடியில். ‘நாங்க தூக்கிட்டுப் போறம் டீச்சர்’ என்று தோழிகள் ஓடி வருவார்கள். அன்பில் குறையில்லை. ஆனால் நேற்று வரை நூறு மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளை, இன்று நாளுக்கு நான்கு தடவை பிறர் கையில் தூக்கப்படுவதை எப்படித் தாங்குவாள்? தவறி விழுந்தால் தூக்கியவர்களுக்கும் காயம். வகுப்பைக் கீழே இறக்கிவிடுங்கள். நேரசூசியைத் திருத்தி மேசை கதிரைகளை மாற்ற ஒரு காலைப்பொழுது போதும். வாசற்படிக்குச் சாய்தளம் போடுவதானால், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவான கணக்கு. அதைவிடச் செங்குத்தானது சறுக்கு மரம்தான்.

மலசலகூடம் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் நான் பேசுகிறேன். கதவு ஒடுக்கம், உள்ளே திரும்ப இடமில்லை, பிடித்து எழும்பக் கம்பி இல்லை என்றால் பிள்ளை என்ன செய்வாள்? காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். முள்ளந்தண்டு காயப்பட்டவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும், தண்ணீரைக் குறைத்தால் ஆபத்து இன்னும் கூடும். சிலகாலத்தில் காய்ச்சல், அதன்பின் வரவுப் பதிவேட்டில் தொடர்ந்து வராதோர் பட்டியல். ‘படிப்பில் ஆர்வம் குறைந்துவிட்டது’ என்று நாமும் எழுதிவிடுவோம்.

இதெல்லாம் தயவுக்காகக் கேட்பதல்ல. நம் நாட்டில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களில் எல்லோரும் நடமாடக்கூடிய வசதி வேண்டுமென்று 2006 இல் ஒழுங்குவிதிகளும் வந்தன. அவை கடதாசியில் கிடந்தபோது வழக்குப் போட்டவர் கலாநிதி அஜித் பெரேரா. முதல்தரக் கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992 இல் வீதியோர மரமொன்று அவருடைய காரின் மேல் விழுந்ததில் நடக்க முடியாமற் போனது. அவருடைய மனுவின் பேரில் 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், புதிய பொதுக் கட்டடங்களில் இவ்விதிகள் பின்பற்றப்பட வேண்டுமென்று கட்டளையிட்டது. 2020 இல் காலமாகும் வரை அவர் இதையே பேசிக்கொண்டிருந்தார். நம் பாடசாலை அபிவிருத்திக் கூட்டங்களில் அந்தக் கட்டளையை யாராவது வாசித்துக் காட்டினால் நல்லது.

பெற்றோரிடமும் ஒரு பேச்சு இருக்கிறது. இப்படி ஒன்று நடந்ததும் ‘படிச்சது போதும் டீச்சர், புள்ள இனி ஊட்டுல இரிக்கட்டும்’ என்கிறீர்கள். உம்மாவின் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. பாதை, ஆட்டோக் காசு, ஊரார் பார்வை, நாளைய கலியாணப் பேச்சு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆனால் வீட்டில் இருந்தால் காயம் ஆறுமா? சாதாரண தரப் பரீட்சைக்கு, விசேட தேவையுள்ளவர்கள் பாடசாலை ஊடாக விண்ணப்பித்து மேலதிக நேரம் கேட்கலாம். அதைக் கேட்காமலேயே பிள்ளையை நிறுத்திவிடுகிறோம். அதோடு தங்கச்சிமாரின் விளையாட்டும் நின்றுவிடுகிறது, ‘விளையாட விட்டதாலதான்’ என்று. மேலே சொன்னவர்களைப் பாருங்கள். சுமித்தை மோதியது லொறி. ஸஹ்ராவுக்கு நேர்ந்தது வாகன விபத்து. பெரேராவின் மேல் விழுந்தது மரம். ஒருவர்கூட விளையாட்டு மைதானத்தில் காயப்படவில்லை. நம் ஊரில் எந்த வீட்டிலும் விபத்துக்குப் பயந்து மோட்டார் சைக்கிளை விற்றதாக நான் கேள்விப்படவில்லை. ஹெல்மெட் போடாமல் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாடசாலை வாசலில் இறக்குபவர்களும் நம்மில் உண்டு.

இல்ல விளையாட்டுப் போட்டி வரும்போது, காயப்பட்ட பிள்ளையைப் பிரதம அதிதிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் படம் பிடிப்பதை நிறுத்திவிடலாம். அவளுக்கு அது வேண்டாம், என்னிடம் சொல்லியும் இருக்கிறார்கள். குண்டு போடுதலை உட்கார்ந்தபடியும் செய்யலாம், பராலிம்பிக்கில் அதற்கென்றே பிரிவுகள் உள்ளன. அசையாத ஒரு கதிரையும் அதைப் பிடித்துக் கட்ட நான்கு முளையும் போதும். மைதானத்து மணலில் அங்கே போய்ச் சேர வரிசையாகப் பலகை போட வேண்டும், அதை ஒவ்வொரு இல்லத்திலிருந்தும் நான்கு பேர் செய்யலாம். அவள் எறியும் தூரத்தை நாடாவால் சரியாக அளந்து, புள்ளியை இல்லத்தின் கணக்கில் சேருங்கள். ஆறுதல் பரிசு என்று ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டாம். நான்காம் இடம் வந்தால் ஒலிபெருக்கியில் நான்காம் இடம் என்றே அறிவியுங்கள்.