கேட்டதே குற்றம்

போன மழைக்காலத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி அக்கா பத்து நாளில் மூன்று முறை என் கவுண்டருக்கு வந்தார். முதலில் இரண்டாயிரம், அப்புறம் மூவாயிரம், மறுபடி இரண்டாயிரம். "என்னக்கா, வீட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்றேன். "புள்ளைக்கு, சார்" என்றவர் அழுதுவிட்டார். மகளுக்குப் பதினைந்து வயசு. கல்லூரி மாணவன் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தன் போனில் பழகியிருக்கிறான். மூன்று மாதம் பாட்டும் கவிதையும் (ஆமாம், கவிதைதான்) அனுப்பிவிட்டு ஒரு படம் கேட்டிருக்கிறான். அவள் அனுப்பிவிட்டாள். இப்போது ஊருக்கே காட்டுவேன் என்கிறான், காசு கேட்கிறான். ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு வாரம் சும்மா இருந்தேன். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, விஷயம் தெரிந்த எவரும் புகார் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. அந்த ஒரு வாரம் நானும் குற்றவாளிதான்.

ஏன் தயங்கினேன் என்பதை நம் தோழர்களிடம் மறைக்க வேண்டியதில்லை. போக்சோ என்றாலே நமக்கு ஒரு கசப்பு. 2012 நவம்பரில் தருமபுரியில் நம் குடியிருப்புகளை எரித்தவர்கள் 'நாடகக் காதல்' என்ற சொல்லைக் கையில் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு சாதி தாண்டிக் காதலித்த நம் பையன்கள் மீது இந்தச் சட்டம் பாய்ந்ததைப் பார்த்தோம். வளரிளம் பருவத்துக் காதலர்களைத் தண்டிப்பதற்காக வந்ததல்ல போக்சோ என்று 2021இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொல்ல வேண்டியிருந்தது. நம் பையன்களைக் காப்பாற்றப் பேசிய நாம், நம் பெண்பிள்ளைகள் வேட்டையாடப்படும்போது வாயடைத்து நிற்கிறோம். காதல் தன் பெயரை மறைக்காது. வயசை மாற்றிச் சொல்லாது. படத்தை வைத்துப் பேரம் பேசாது. இந்த வித்தியாசம் தெரியாத தோழர் யாருமில்லை. தெரியாத மாதிரி இருக்கிறோம். சில சமயம் அந்த ஆள் நம் ஆளாகவே இருந்துவிடுகிறான் என்பதும் ஒரு காரணம்.

ஓவேலிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் ஒண்டியவர்களுக்கும், அதற்கு முன்பே இங்கிருந்த பணியருக்கும் குறும்பருக்கும் சட்டம் என்றால் 1969ஆம் ஆண்டு ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. அதைக் காட்டித்தான் பட்டா இல்லை, கரண்டு இல்லை என்றார்கள். சட்டம் ஒருநாள் நம் பக்கம் பேசும் என்று லைன் வீட்டில் யார் நம்புவார்கள்? அதனால் போனைப் பிடுங்குகிறோம், பள்ளிக்கூடத்தை நிறுத்துகிறோம், சொந்தத்தில் மாப்பிள்ளை தேடுகிறோம். தண்டனை முழுக்கப் பிள்ளைக்கே.

ஆனால் சட்டம் பேசத்தான் செய்கிறது. தொட்டால்தான் குற்றம் என்று அது காத்திருக்கவில்லை. 2012இல் வந்த போக்சோவின் 11ஆம் பிரிவு, பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை மின்னணு வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதையே குற்றமாக்குகிறது. படத்தைக் காட்டி மிரட்டினாலும் குற்றம், அந்தப் படம் ஒட்டுவேலையாக இருந்தாலும்! 12ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி, பாலியல் நோக்கில் குழந்தையை இணைய உறவுக்கு இழுப்பவனுக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் பத்து லட்சம் வரை அபராதமும் சொல்கிறது. படத்தை வாங்கியே விட்டால் போக்சோ 14, குறைந்தபட்சமே ஐந்து ஆண்டு. பதினெட்டுக்குக் கீழே "அவளும் சம்மதிச்சாள்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஒரு ஓட்டை இருக்கிறது, மாணவர்கள் கவனிக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2) பெரும்பாலும் தண்டனைச் சட்டக் குற்றங்களோடுதான் ஒட்டிக்கொள்கிறது. அதன் அட்டவணையில் போக்சோ 12உம் இல்லை, 67பியும் இல்லை. பின்தொடர்தலும் மிரட்டலும் இருக்கின்றன. எனவே எதிரி வேறு சாதியான் என்றால், அந்தப் பிரிவுகளை முதல் தகவல் அறிக்கையில் சேர்க்கச் சொல்லி அடம்பிடிக்க வேண்டும். 3(1)(டபிள்யூ) தனியாகவே நிற்கும். சேர்ந்தால் டி.எஸ்.பி. விசாரிக்க வேண்டும், நிவாரணமும் உண்டு. 67பியை இன்ஸ்பெக்டருக்குக் குறைந்தவர் விசாரிக்க முடியாது. "எஸ்.ஐ. பேசி அனுப்பிச்சுட்டாரு" என்பது விசாரணை ஆகாது.

பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போக வேண்டாம். வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை இல்லாமல் எடுக்க வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கவே கூடாது. 1098, 1930 இரண்டு எண்ணையும் மனப்பாடம் செய்யுங்கள். படத்தையும் பேச்சையும் பயந்து அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. அதற்காக ஆளுக்கு ஆள் அனுப்பிப் பார்க்கவும் கூடாது, அதுவும் குற்றம்.

எட்டாவது நாள் அக்காவும் நானும் கூடலூர் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். இனி வாய்தா ஊட்டியில். விடியற்காலை பஸ், ஒருநாள் கூலி போகும். அக்காவுக்கு எழுத்து தெரியாது. துணைக்கு யார் போவது என்று முறைபோட்டு ஒரு நோட்டில் எழுதியிருக்கிறோம். முதல் இரண்டு தேதிக்கு ஆள் இருக்கிறது, மூன்றாவதுக்கு இல்லை.