கோடை விடுமுறையில் எதைப் பழகுவது?

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இரண்டு விதமான பேச்சு கேட்கும். "லீவுதானே, நாள் முழுக்க ஆடட்டும்" என்பது ஒன்று. "இந்த வெயில்ல என்ன ஆட்டம், பேசாம வீட்ல இரு" என்பது இன்னொன்று. பாறைக்குன்றுகள் சூழ்ந்த செஞ்சியில் சித்திரை வெயிலைத் தெரிந்தவர்கள் இரண்டாவதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆட்டக்காலத்தில் செய்யவே முடியாத ஒரு வேலை கோடைக்கென்று இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் இரண்டு பேச்சுக்கும் நடுவே ஒரு வழி கிடைக்கும்.

ஜூனில் பள்ளி திறந்த சில வாரங்களிலேயே குறுவட்டப் போட்டிக்கு அணி சேர்க்கும் வேலை தொடங்கிவிடும். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரித்து ஆடுவார்கள். அதில் வென்றால் மாவட்டம், அதையும் தாண்டினால் மாநிலம். இடையில் முதலமைச்சர் கோப்பையும் வரும். இத்தனைக்கும் நடுவே உடற்கல்வி ஆசிரியர் ஒரு பிள்ளையின் கைப்பழக்கத்தை மாற்ற உட்கார மாட்டார். இருக்கிற பழக்கத்தை வைத்து அடுத்த மேட்ச்சை ஜெயிக்கத்தான் பார்ப்பார். அது அவர் கடமை.

இரண்டு கைகளாலும் மார்பிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டுப் பழகிய ஒரு பையனைப் பாருங்கள். பந்து தட்டையாகப் போகிறது, பாதிக்கு மேல் வளையத்தில் மோதித் திரும்புகிறது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. வளையத்தின் உள்விட்டம் 45 செ.மீ. பெரியவர்களின் 7-ம் எண் பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. பந்து செங்குத்தாக இறங்கினால் அந்த 45 செ.மீ. முழுவதும் அதற்குத் திறந்திருக்கும். 45 பாகைச் சாய்வில் வந்தால் வழி சுமார் 32 செ.மீ. ஆகச் சுருங்கும். 30 பாகையில் தட்டையாக வந்தால் 22½ செ.மீ.தான் மிஞ்சும். பந்தைவிடக் குறுகலான வழி அது. இரும்பில் இடிக்காமல் உள்ளே போகவே முடியாது.

அந்தப் பையன் ஒரு கையால் தூக்கிப் போடப் பழக வேண்டும். பழகத் தொடங்கிய முதல் சில வாரங்களில் முன்பு விழுந்ததுகூட விழாது. மேட்ச் நடக்கும் மாதத்தில் இப்படி நேர்ந்தால் "பழையபடியே போடுடா" என்றுதான் எல்லோரும் கத்துவார்கள். ஸ்கோர்போர்டு இல்லாத மே மாதத்தில் யாரும் கத்த மாட்டார்கள். கொஞ்ச நாள் மோசமாக ஆட அனுமதி கிடைக்கும் ஒரே காலம் கோடை. புதிய திறன் ஏறுவதற்கு அந்த அனுமதி தேவை.

ஆகவே முதல் வேலை, எதை மாற்றுவது என்று தேர்ந்தெடுப்பது. ஐந்தாறு வார விடுமுறையில் எல்லாவற்றையும் திருத்த முடியாது, இரண்டு போதும். எந்த இரண்டு என்பதைக் கடந்த ஆட்டங்களே சொல்லும். இடது பக்கம் போனபோதெல்லாம் பந்து பறிபோனதா? அப்படியானால் இடக்கை டிரிபிளும் இடக்கை லே-அப்பும். கடைசி நிமிடத்தில் ஃப்ரீ த்ரோ தவறியதா? அப்படியானால் ஷூட்டிங். பிள்ளைக்குப் பிடித்த வித்தையைக் கோடைப் பயிற்சி என்று எழுதி வைத்தால், ஏற்கெனவே தெரிந்ததையே ஒரு மாதம் செய்துவிட்டு வருவான்.

எப்படிப் பழகுவது என்பது அடுத்தது. ஷூட்டிங்கை வளையத்துக்கு நான்கைந்து அடி தூரத்தில் ஒரு கையால் தொடங்க வேண்டும். பந்து வலையை மட்டும் தொட்டு விழுகிறதா என்று பார்த்து, ஒவ்வோர் அடியாகப் பின்னால் வர வேண்டும். எடுத்த எடுப்பில் 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டில் நிற்கும் பிள்ளை, பந்து எட்ட வேண்டுமே என்று மறுபடி மார்பிலிருந்து தள்ளத் தொடங்குவான். கை வடிவம் பிடிபட்ட பிறகு ஒரே இடத்தில் நின்று ஐம்பது முறை போடுவதை விட்டுவிட வேண்டும். இடம் மாற்றி, பாஸ் வாங்கி, இடையில் ஒரு லே-அப் என்று கலந்து போட வேண்டும். 1979-ல் ஷே, மார்கன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கையசைவுப் பயிற்சிகளில் இதைச் சோதித்தார்கள். ஒரே செயலைத் தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சியின்போது முன்னால் நின்றார்கள். சில நாள் கழித்துச் சோதித்தபோது, கலந்து பழகியவர்களிடம்தான் திறன் தங்கியிருந்தது.

"மேட்ச் ஆடினாலே எல்லாம் வந்துவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பத்துப் பேருக்கு ஒரு பந்து. கெட்டிக்காரன் கையிலேயே அது சுற்றும். பலவீனமான கையை யாரும் மேட்ச்சில் பரீட்சித்துப் பார்ப்பதில்லை. ஆசைக்கு ஆட வேண்டுமென்றால் அரைக் கோர்ட்டில் மூன்றுக்கு மூன்று ஆடலாம். எல்லோர் கைக்கும் பந்து வரும். டோக்கியோ ஒலிம்பிக்கில் தனிப் போட்டியாகவே நடந்த ஆட்டம் அது.

செஞ்சியில் இன்னொரு நம்பிக்கையும் இருக்கும்: ராஜகிரி மலையை ஏறி இறங்கினால் ஸ்டாமினா வந்துவிடும் என்று. வரும்தான். ஆனால் மலை ஏறியதால் இடக்கை டிரிபிள் வராது. கருங்கல் படிகளில் ஓடி இறங்குவது முழங்காலுக்குப் பெரும் சுமை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எலும்பு வேகமாக வளரும் பிள்ளைகளுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வருவது சகஜம். "ஆடினா சரியாயிடும்" என்று விட்டுவிடாமல், குதிப்பதைக் குறைத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அக்னி நட்சத்திர நாட்களில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் கோர்ட்டை விட்டுவிட வேண்டும். முதல் பத்து நாள் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால்தான் உடல் சூட்டுக்குப் பழகும். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். 14 வயது வரை ஒரே விளையாட்டில் பிள்ளையைப் பூட்ட வேண்டாம் என்பது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பே தன் இளையோர் வழிகாட்டலில் சொல்லும் அறிவுரை. இந்திய மகளிர் அணியின் தலைவராக இருந்து 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற நம் அனிதா பால்துரையும் தடகளம், வாலிபால் ஆடிவிட்டுக் கூடைப்பந்துக்கு வந்தவர்தான். விடுமுறையில் பிள்ளை நீச்சலுக்கோ கபடிக்கோ போனால் நேரம் வீணாகிறது என்று பதற வேண்டியதில்லை.

வசதி இல்லை என்ற குறை உண்மையானது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் மாவட்டத் தலைநகரங்களில் கோடைக்காலப் பயிற்சி முகாம் நடத்துகிறது. செஞ்சிப் பிள்ளை விழுப்புரத்துக்குத் தினமும் சுமார் 40 கி.மீ. போய் வருவது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமில்லை. ஆனால் டிரிபிளுக்கு வளையம் வேண்டாம். அறுவடை இல்லாத நாளில் ஊர் சிமெண்டுக் களம் போதும். பாஸுக்கு ஒரு சுவர் போதும். பந்தின் அளவில் மட்டும் கவனம் வேண்டும். 12 வயதுக்குக் கீழே 5-ம் எண் பந்து, பெண்களுக்கு 6-ம் எண் பந்து. சிறு பிள்ளைகளுக்கு வளையம் 3.05 மீட்டரில் இல்லாமல் 2.60 மீட்டரில் இருப்பது சர்வதேச மினி கூடைப்பந்து முறை. பத்து வயதுப் பிள்ளையிடம் 7-ம் எண் பந்தைக் கொடுத்தால், பின்னாளில் நாம் திருத்தப் பாடுபடும் அந்த மார்புத் தள்ளலை நாமே கற்றுக்கொடுக்கிறோம்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு தொடங்குமுன் அணியிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டுச்சீட்டில் இரண்டே இரண்டு திறன்களை எழுதிக் கொடுங்கள். தினமும் எத்தனை போட்டு எத்தனை விழுந்தது என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். பெற்றோரே, மாலையில் "இன்னைக்கு ஜெயிச்சியா?" என்று கேட்பதற்குப் பதில் அந்த நோட்டைக் கேளுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும் அன்று அதைப் பார்த்துவிட்டு அணியைச் சேர்த்தால், அந்த ஐந்தாறு வாரம் வீண்போகாது.