புல்லுதானே, எரிஞ்சா என்ன?

மாசி, பங்குனி வந்தால் போதும், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் பக்கம் ஏதாவது ஒரு குன்று புகையும். கேட்டால் ஒரே பதில்தான்: "புல்லுதானே, மழை பேஞ்சா தானா வந்துடும்." இந்த "தானா"வோடுதான் எனக்குச் சண்டை.

தானா எங்கிருந்து வரும்? மண்ணுக்குள் இருக்கும் வேர், கிழங்கு, விதையிலிருந்து. மண்ணில் தூங்கும் விதைகளின் கையிருப்புக்கு விதை வங்கி என்றே பேர். பி.காம் படிக்கிறவன் கண்ணில் இது படாமல் இருக்குமா?

ஒரு முறை எரிந்தால் குடி முழுகாது. புல்லில் பிடித்த தீ சீக்கிரம் ஓடிவிடும். மேலே கிடக்கும் விதை கருகும், சில சென்டிமீட்டர் கீழே இருப்பது பிழைக்கும். ஊசிப்புல்லைப் பாருங்கள், அதன் விதையின் முறுக்கு வால் ஈரம் பட்டதும் சுழன்று விதையை மண்ணுக்குள் திருகிவிடும். பயறு குடும்பத்துச் செடிகள் பலவற்றின் கெட்டித்தோல் சூட்டில் விரிசல் விட்டு முளைக்கவும் செய்யும்.

வருஷா வருஷம் எரிந்தால் கதையே வேறு. விதை போட மூணு, நாலு வருஷம் எடுக்கும் புதர் பூப்பதற்குள் அடுத்த தீ வந்துவிடும். எடுப்பது மட்டும் நடக்கிறது, போடுவது இல்லை. கடைசியில் தீயைத் தாங்கும் ஒன்றிரண்டு புல் மட்டும் குன்று முழுக்க நிற்கும். தூரத்தில் பார்த்தால் பச்சைதான். பாஸ்புக்தான் காலி!

முதுமலைக் காட்டுக் கணக்கை 2004இல் ஓர் ஆய்வு எடுத்துப் போட்டது. 1909-1921 காலத்தில் ஓர் இடம் சுமார் 10 வருஷத்துக்கு ஒரு முறை எரிந்தது. 1989-2002இல் சுமார் 3 வருஷத்துக்கு ஒரு முறை.

"அப்ப தீயே கூடாதுன்னு தடை போடலாமே" என்பீர்கள். அதுவும் சரியில்லை. பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்குச் சின்னதாகத் தீ வைப்பார்கள். 1974இல் சரணாலயம் வந்தது, அந்த வழக்கம் நின்றது. உண்ணிச்செடி காட்டை மூடியதற்கு அதுதான் காரணம் என்கிறார்கள் அவர்கள்.

ஆக, எரிக்கலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை, எந்த மாதத்தில்? ஒவ்வொரு குன்றும் எப்போது எரிந்தது என்று பஞ்சாயத்தில் ஒரு நோட்டு போடட்டும். போன வருஷம் எரிந்த சரிவை இந்த வருஷம் காப்பாற்றட்டும். பத்து ரூபாய்க்கு வவுச்சர் கேட்கிற ஊரில் ஒரு மலைக்குக் கணக்கு கேட்கக் கூடாதா?