ஆய்விதழில் வராததெல்லாம் ஆய்வு இல்லையா?

அட்டனில் எந்தக் கருத்தரங்கு நடந்தாலும், தலைநகரப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் விருந்தினர் ஒருவர் இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை: மலையகத்தைப் பற்றி முறையான ஆய்வு இல்லை, சர்வதேச ஆய்விதழில் வருவதே ஆய்வு. பல வருடமாகக் கேட்டுக் கைதட்டி அனுப்புகிறோம். போதும்.

மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி.வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களிடம் கேட்டுத் தொகுத்த பாடல்கள் 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாயின. அவர் பேராசிரியர் அல்லர். தொழிற்சங்கவாதி, 1947 நாடாளுமன்றத்தின் தலவாக்கலை உறுப்பினர். 1930களில் அட்டனிலிருந்து தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய கோ.நடேசய்யரை மலையக எழுத்தாளர் சாரல்நாடன் தேடி எழுதியிராவிட்டால், நம் பிள்ளைகளுக்கு அவரை யார் சொல்லியிருப்பார்கள்? கோப்பிக் காலத்துக் கூலிகள் வழிநெடுகச் செத்து விழுந்த கதையை 1989இல் புத்தகமாக்கிய டொனோவன் மோல்ட்ரிச் ஒரு பத்திரிகையாளர். இந்த மூவரின் நூல்களையும் அடிக்குறிப்பில் சேர்க்காமல் மலையகம் பற்றி ஓர் ஆய்வேட்டை எழுதி முடிக்கட்டும், பார்ப்போம். எடுத்தாளும்போது ஆதாரம், மேடையில் பேசும்போது அது ஆய்வே இல்லை!

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த குமாரி ஜயவர்தன இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தைப் பற்றி எழுதி 1972இல் வந்ததும் புத்தகம்தான். ஆய்விதழ்க் கட்டுரை அல்ல.

ஆய்விதழ்க் கட்டுரையை நிபுணர்கள் மதிப்பிடுவதால் பிழை நேராதாம். தோட்டத் தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக்களத்தைக் கண்ணால் கண்டிராத நிபுணர் எந்தப் பிழையைப் பிடிப்பார்?

ஆங்கிலத்தில் எழுதினால் உலகம் படிக்கும் என்கிறார்கள். படிக்கட்டும். கொட்டகலையில் யார் படிப்பது? பெரிய பதிப்பகங்களின் ஆய்விதழில் ஒரு கட்டுரையைத் திறக்க 30 டொலருக்கு மேல் கேட்கிறார்கள். ஏறத்தாழ 9000 ரூபா. 2024இல் இழுபறிக்குப் பிறகு தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. ஆறு நாள் கொழுந்து பறித்தாலும் அன்று 8100தான். தன் லயத்தைப் பற்றி, தன் சம்பளச் சிட்டையைப் பற்றி, தான் சொன்ன பதில்களை வைத்து எழுதிய பத்துப் பதினைந்து பக்கத்தைப் படிக்க ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு வாரச் சம்பளம் போதவில்லை. கேள்வித்தாளோடு வந்தவர்களுக்கு அவள் தேநீர் கொடுத்தாள், நேரம் கொடுத்தாள். அவளிடம் திரும்பி வந்தது என்ன?

ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தையாவது அட்டன் நூலகத்தில் வைக்கட்டும். பதவி உயர்வுக்கு ஆய்விதழ்க் கட்டுரையை எண்ணிப் புள்ளி போடுகிறவர்கள் அதற்கும் புள்ளி போடட்டும்.